தொடர்பாடல் என்னும் பெயரும் அதன் பொருளும்

கலைச்சொல்லைத் திறனாய்வோர், அது மூலச்சொல்லுக்கு எவ்வளவு நெருங்கியது என்றே பெரும்பாலும் வினவுவர். அச்சொல்லைக் கொண்டு எத்தனை வாக்கியங்கள் எழுதப்பட்டன என்னும் வினா அருகியே எழுகின்றது. இலங்கைப் பாடசாலைகளிற் கற்பிக்கப்படும் ‘தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்’ என்னும் பாடத்தை இவ்வினாவின் வழி நோக்குதல் தகும்.

தமிழகத்தில் ‘தகவல் தொடர்பு’ என்பதே பெருவழக்கு. ஈழத்தவர் ‘தொடர்பாடல்’ என்றனர். உரையாடல், வாதாடல் முதலியவற்றில் ‘ஆடல்’ என்பது இருவர் மாறிமாறி நிகழ்த்தும் வினையைச் சுட்டும். ஒருவர் பேச மற்றவர் வாளாவிருப்பது உரையாடலன்று. எனவே இது பொருளாழம் மிக்க ஆக்கமே. ஆயினும் பெயர் உணர்த்தும் இப்பரிமாற்றம் அத்துறையின் பட்டப்படிப்பில் தமிழுக்குக் கிட்டியுள்ளதா?

கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனைப் பகுதிகளில் தமிழ்மொழி மூலம் இப்பாடத்தைப் பயிலும் மாணவர் வன்பொருள், தரவுத்தளம், பணிசெயல் முறைமை என்னும் சொற்களாலேயே சிந்திக்கப் பழகுகின்றனர். கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டில் தகவல் தொழினுட்ப வெளிவாரிப் பட்டத்தைத் தொடங்கியது. 2002இல் ரீட் அவெனியூவில் அதன் கணினிக் கல்லூரி உருவாயிற்று. வாயில் அகன்றது மெய்யே. ஆனால் அவ்வாயிலைக் கடந்ததும் போதனையும் பரீட்சையும் ஆங்கிலத்திலேயே அமைகின்றன. பாடசாலையிற் கற்ற சொற்கள் அங்கே பயனற்றுப் போகின்றன. விடயத்தை அறிந்த மாணவன், வாக்கியத்தில் இடறுவதால் அறியாதவனாக மதிக்கப்படுகின்றான்.

ஆங்கிலமின்றி இத்துறை இயலாது. நூல்கள் விரைந்து பழையனவாகும் என்பர். இரண்டும் உண்மை. ஆயின் தமிழால் இயலாது என்பது இவற்றாற் பெறப்படாது. தரவுத்தளப் பாடத்தில் ‘இயல்பாக்கல்’ என்பதைக் கொள்வோம். ஒரு மாணவரின் முகவரியைப் பாடந்தோறும் மீண்டும் மீண்டும் பதிந்தால், அது மாறும்போது ஓரிடத்தில் திருத்தி மற்றோரிடத்தில் விட்டுவிடுவோம். ஆதலால் முகவரியைத் தனி அட்டவணையில் ஒருமுறை மட்டும் பதிதல் வேண்டும். இவ்விளக்கத்தில் எவர்க்கும் விளங்காத சொல் எது?

இவ்விடத்தில் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த சாமுவேல் கிறீன் நினைவுகூரற்பாலர். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர் கலைச்சொற்களைத் தொகுத்ததோடு அமையவில்லை. 1867இல் வெளிவந்த ‘இரணவைத்தியம்’ போன்ற பாடநூல்களை ஆக்குவித்தார். சொற்கள் வாக்கியங்களிலே வாழ்ந்தன. வாக்கியங்கள் மாணவர் நாவிலே வழங்கின. நம் காலத்துக் கணினித் தமிழிற் சொற்பட்டியல்கள் பல, உரைநடை சிறிது. குறை சொல்லாக்கத்தில் இல்லை. சொல்லைப் பயிலும் எழுத்து இன்மையிலேயே உள்ளது.

தமிழ்ப் புலமை மரபு நூலையும் உரையையும் இணைத்தே வளர்ந்தது. நூல் அரிதாயின் உரை அதனை எளிதாக்கும். ஆங்கில நூல்கள் நூலாக இருக்கட்டும். அவற்றுக்குத் தமிழில் உரை எழுதும் கடமை நமக்குண்டு. இறுதியாண்டுச் செயற்றிட்ட அறிக்கை எழுதும் தமிழ் மாணவர் ஒவ்வொருவரும் அதன் சாரத்தைப் பத்துப் பக்கத்திற் தமிழிலும் எழுதுவாராக. விரிவுரையாளர் அதனைத் திருத்துவாராக. தமிழ்ச் சங்கங்கள் அச்சிடுமாக. பின்வரும் மாணவர் அதனைப் படித்து மறுத்தும் விரித்தும் எழுதும் நாளிலேயே ‘தொடர்பாடல்’ என்னும் சொல் தன் பொருளை அடையும்.