ஓராண்டு, நம் மண்ணில் விளைந்தது மட்டும்: ருசித்துச் சாப்பிட ஒரு வழிகாட்டி

நம் ஊர்ச் சமையல் என்று மார்தட்டிக்கொள்ளும் சாம்பாரிலேயே வெளிநாட்டுச் சரக்கு தாராளமாக இருக்கிறது. துவரம் பருப்பு மொசாம்பிக்கிலோ மியான்மரிலோ தான்சானியாவிலோ விளைந்ததாக இருக்கலாம். தாளித்தது சூரியகாந்தி எண்ணெய் என்றால் ரஷ்யா அல்லது உக்ரைன். பாமாயில் என்றால் இந்தோனேசியா அல்லது மலேசியா. பெருங்காயத்தின் பால் ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தான் மலைகளிலிருந்து வருகிறது. இந்தியர்கள் பயன்படுத்தும் சமையல் எண்ணெயில் பாதிக்கும் மேல் இறக்குமதிதான்.

இந்த நிலையில், ஓராண்டு முழுக்க இந்திய மண்ணில் விளைந்ததை மட்டும் சாப்பிடுவது என்று ஒரு குடும்பம் முடிவெடுத்தால் என்ன ஆகும்? விரதம் போல இருந்தால் இரண்டே மாதத்தில் அலுத்துவிடும். எந்த ஊர்ச் சரக்கு, எந்த மாத அறுவடை என்று கேட்டுக் கேட்டு வாங்கினால், அதுவரை தெரியாத ருசிகள் ஒவ்வொன்றாக நாக்குக்குப் பிடிபடும். ஆண்டு முழுக்க எல்லாம் கிடைக்கும் கடைகளால் மறந்துபோன ருசிகள் அவை.

எல்லையும் விலக்கும்

முதலில் எல்லையை வகுத்துக்கொள்ள வேண்டும். கனடாவின் வான்கூவரில் அலிசா ஸ்மித்தும் ஜே.பி. மெக்கின்னனும் 2005இல் நூறு மைல் சுற்றுவட்டாரத்தில் விளைந்ததை மட்டும் ஓராண்டு சாப்பிட்டார்கள். கோதுமை மாவுக்கே மாதக்கணக்கில் அலைய வேண்டியிருந்தது. அமெரிக்க எழுத்தாளர் பார்பரா கிங்சால்வர் குடும்பம் வர்ஜீனியாவில் பெரும்பாலும் சொந்தத் தோட்டத்தையும் அக்கம்பக்கத்து விவசாயிகளையும் நம்பி ஓராண்டு வாழ்ந்தது. அந்த அனுபவம் 2007இல் புத்தகமானது. அவர்கள் வைத்துக்கொண்ட ஒரு விதி அருமையானது: வீட்டில் ஆளுக்கு ஒரு பொருளுக்கு விலக்கு. ஒருவர் காப்பியைத் தேர்ந்துகொண்டார்.

நம் வீட்டில் காப்பிக்கு விலக்கு தேவையில்லை. ஏற்காடும் கூர்க்கும் இருக்கின்றன. விலக்கு கேட்டு முதலில் கை தூக்குவது பெருங்காயமாகத்தான் இருக்கும். பாலம்பூரில் உள்ள மத்திய அரசின் இமாலய உயிரிவளத் தொழில்நுட்ப நிறுவனம் 2020 அக்டோபரில் இமாச்சலத்தின் லாகுல் பள்ளத்தாக்கில் பெருங்காயக் கன்றுகளை நட்டது. ஆனால் அந்தச் செடி பால் தருகிற அளவுக்கு வளரச் சுமார் ஐந்து ஆண்டுகள் பிடிக்கும். அந்தப் பெருங்காயம் கடைக்கு வரும்வரை ரசத்துக்குக் கொடைக்கானல் மலைப்பூண்டைத் தோலோடு நசுக்கிப் போட்டுப் பார்க்கலாம். பெருங்காயம் இல்லாத குறை அதில் தெரியாது. ரசம் வேறொரு ருசிக்கு மாறியிருக்கும்.

பருப்பிலும் எண்ணெயிலும் தொடங்கலாம்

இறக்குமதி செய்து பொட்டலமிட்ட உணவில் எந்த நாட்டுச் சரக்கு என்று அச்சிட்டிருக்க வேண்டும். மளிகைக் கடையில் அளந்து கொடுக்கும் பருப்பில் அந்த விவரம் இருக்காது, கடைக்காரரைத்தான் கேட்க வேண்டும். பிஸ்கட், சிப்ஸ் பாக்கெட்டுகளின் பின்புறம் பொடி எழுத்தில் பாமோலின் என்ற பெயரில் இருக்கும் பாமாயிலையும் கவனிக்க வேண்டும். ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் எண்ணெய்ப் பனை வளர்கிறது என்றாலும், நாட்டின் தேவைக்கு முன் அது மிகக் குறைவு.

பருப்பில் கலபுரகித் துவரையைத் தேடலாம். கர்நாடகத்தின் அந்த வட்டாரத்துப் பருப்புக்குப் புவிசார் குறியீடு உண்டு. சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணில் விளைவது, சீக்கிரம் குழைவது. முதல் முறை காரம், புளி எதுவும் சேர்க்காமல், வெந்த பருப்பில் உப்பும் நெய்யும் மட்டும் போட்டுச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டால் பருப்பின் தனி ருசி தெரியும்.

எண்ணெயையும் அப்படியே ருசி பார்க்கலாம். சூடான வெறுஞ்சோற்றை மூன்று பங்காகப் பிரித்து, ஒன்றில் நல்லெண்ணெய், ஒன்றில் கடலை எண்ணெய், ஒன்றில் தேங்காய் எண்ணெய், கூடவே உப்பு. மணமே இல்லாத ரீஃபைண்டு எண்ணெய்க்குப் பழகிய நாக்குக்கு இது பெரிய மாற்றம். செக்கில் எள் ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பார்கள். எண்ணெய் நன்றாகப் பிரியும், கசப்பும் தணியும். புளிக்குழம்புக்கு நல்லெண்ணெயும் அவியலுக்குத் தேங்காய் எண்ணெயும் ஏன் நிலைத்தன என்று இந்த மூன்று கவளங்களே சொல்லிவிடும்.

ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலை நம்பிச் சமைக்கும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். செக்கு எண்ணெயின் விலை அதைப் போலப் பல மடங்கு. அதனால் இந்த ஓராண்டு, வசதியுள்ளவர்கள் விரும்பி ஏற்கும் பயிற்சி மட்டுமே. அதை வைத்து யாரும் யாருக்கும் பாடம் எடுக்கக்கூடாது.

பனையின் பின்னால் ஓராண்டு

மாத ருசி என்றால் என்ன என்று பனைமரம் கற்றுத்தருவது போல வேறெதுவும் கற்றுத்தருவதில்லை. வெயில் ஏறும் பங்குனியில் பதநீர் தொடங்கும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவதால்தான் அது புளித்துக் கள்ளாகாமல் நிற்கிறது. அந்தப் பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டி 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. சித்திரை, வைகாசியில் நுங்கு. ஆடி, ஆவணியில் பழம் விழும். கொட்டையை மண்ணில் புதைத்துவிட்டால் பொங்கலுக்குக் கிழங்கு.

பனங்கிழங்கைச் சாப்பிடவும் ஒரு முறை இருக்கிறது. மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்த கிழங்கின் தோலை உரித்து, நுனியிலிருந்து இரண்டாகப் பிளந்தால் நடுவில் மெல்லிய குருத்து ஒன்று நீண்டிருக்கும். அதற்குப் பீலி என்று பெயர். சிறுவர்கள் அதற்குத்தான் சண்டை போடுவார்கள். பிறகு ஓரத்து நாரைக் கிழித்து எறிந்துவிட்டு, கிழங்கைத் துண்டு துண்டாக ஒடித்து மெல்ல வேண்டும். முதலில் மாவுத்தன்மை, மெல்ல மெல்ல ஒரு மெல்லிய இனிப்பு, கடைசியில் தொண்டையில் லேசான கசப்பு. அவசரமாக விழுங்குகிறவருக்கு முதல் கட்டம் மட்டுமே கிடைக்கும்.

மாம்பழத்திலும் இந்த வரிசை உண்டு. செந்தூரம் முன்னால் வரும், பங்கனபள்ளி தொடரும், இமாம்பசந்தும் மல்கோவாவும் நடுவில், எல்லாம் ஓய்ந்த பிறகு நீலம். ஒவ்வொன்றையும் அதன் வாரத்தில் சாப்பிட்டால் கோடை நான்கைந்து பருவங்களாகப் பிரியும்.

புதுசும் பழசும்

தையில் வரும் புத்தரிசி குழைந்து ஒட்டும், பால் மணம் இருக்கும், பொங்கலுக்கு ஏற்றது. அதே அரிசியே ஓராண்டு பழசானால் உதிர உதிர வேகும், பிரியாணிக்கு ஆகும். புளியும் இப்படித்தான். மாசி, பங்குனியில் வரும் புதுப்புளி செம்பழுப்பாக, எடுப்பான புளிப்போடு இருக்கும். கொட்டை எடுத்து, வெயிலில் காயவைத்து, உப்புப் போட்டு ஜாடியில் அடைத்தால் மாதங்கள் போகப் போகக் கறுத்து, புளிப்பில் ஆழம் கூடும். இரண்டிலும் தனித்தனியே ரசம் வைத்துப் பார்க்கலாம்.

அரிசி ரகங்களைத் தேடுவோர் திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் நடந்துவரும் நெல் திருவிழாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள். அதைத் தொடங்கி, 2018இல் மறைந்த நெல் ஜெயராமன் 170க்கும் மேற்பட்ட மரபு ரகங்களைத் திரட்டி விவசாயிகளிடம் திரும்பச் சேர்த்தார். அவரைப் போன்றவர்களின் உழைப்பால்தான் தூயமல்லியும் மாப்பிள்ளைச் சம்பாவும் இன்று வாங்கக் கிடைக்கின்றன. தூயமல்லியைச் சோறாக வடிக்கலாம். மாப்பிள்ளைச் சம்பாவை இரவே ஊறவைத்துக் கஞ்சியாக்கினால் அதன் சிவப்புத் தவிட்டின் ருசி முழுதாகக் கிடைக்கும்.

கிராம்பை நகத்தால் சோதித்தல்

மடகாஸ்கரிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கிராம்பு வருகிறது. ஆனால் கன்னியாகுமரி மாவட்ட மலைத்தோட்டங்களிலும் அது விளைகிறது, 2021இல் புவிசார் குறியீடும் பெற்றது. மலராத மொட்டைக் கையால் பறித்து உலர்த்துகிறார்கள். நல்ல கிராம்பில் குமிழ் போன்ற தலை உதிராமல் இருக்கும். காம்பை நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசியும். தண்ணீரில் போட்டால் மூழ்கும் அல்லது செங்குத்தாக நிற்கும். எண்ணெய் பிழிந்தெடுத்த சக்கை படுத்து மிதக்கும்.

கசகசா துருக்கியிலிருந்து வந்ததா, மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌரில் விளைந்ததா என்றும் கேட்கலாம். அன்னாசிப்பூ சீனாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் வருவது; இந்த ஆண்டு பிரியாணி அது இல்லாமல் வேகட்டும்.

காய் குறையும் மாதங்கள்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காய்கறி வரத்து குறையும், விலை ஏறும். கோடையில் போட்ட வற்றலும் ஊறுகாயும் அப்போதுதான் கைகொடுக்கும்: சுண்டை, மணத்தக்காளி, மோர்மிளகாய், வடாம், ஜாடியில் மாவடு. மழைக்குத் தழைக்கும் முடக்கத்தானை அரைத்துத் தோசை வார்க்கலாம். பரங்கியும் சேனையும் வாரக்கணக்கில் கெடாமல் இருக்கும். ஸ்டிக்கர் ஒட்டிய வெளிநாட்டு ஆப்பிளுக்குப் பதில் கொய்யாவும், பழனி மலையின் விருப்பாட்சி வாழைப்பழமும். விருப்பாட்சியின் தோல் சுருங்கிக் கறுத்தாலும் உள்ளே சதை குழையாமல் கெட்டியாக இருக்கும். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு அது ஏற்றதாக அமைந்ததும் அதனால்தான்.

தொடங்க நல்ல மாதம் தை. புத்தரிசி, பசுமஞ்சள், மொச்சை, அவரை, கரும்பு, பனங்கிழங்கு என்று சந்தை நிறைந்திருக்கும். மதுரையில் 1999 நவம்பர் 14 அன்று முதல் உழவர் சந்தை திறந்ததிலிருந்து, விளைவித்தவரிடமே நேராக வாங்கும் வாய்ப்பு பல ஊர்களில் இருக்கிறது. காலையில் சீக்கிரம் போனால் அவர்களுக்கும் பேச நேரம் இருக்கும். எந்த ஊர்த் தோட்டம், எப்போது பறித்தது, இன்னும் எத்தனை வாரம் வரும் என்று கேட்டு, பதிலைச் சமையலறை நாள்காட்டியில் குறித்து வைக்கலாம். டிசம்பர் தாளைக் கிழிப்பதற்குள், எந்த மாதம் எதை எங்கே வாங்குவது என்ற பட்டியல் வீட்டுக்கென்று தயாராகிவிடும்.