அடுத்த ஊர் மொழியில் ஆடும் பேய்

2023 செப்டம்பர் 28-ஆம் தேதி 'சந்திரமுகி 2' வரவிருந்த சமயத்தில் எழுதியது இது. முதலில் பிள்ளையார் சதுர்த்திக்கு என்றார்கள், தள்ளிப் போய்விட்டது. டிக்கெட் போடச் சொல்லிப் பையன் இப்போதே நச்சரிக்கிறான். நானும் பார்க்கத்தான் போறேன். ஆனால் ஆவலோடு ஒரு பயமும் இருக்கு. பேய்ப் பயம் இல்லை. இந்தப் படத்தில் பேய் நிஜமாகவே வந்துவிடுமோ என்கிற பயம்.

நாட்டியத்தை வைத்து மனக்கலக்கத்தைப் பேசும் படம் என்றால் எல்லோரும் 'பிளாக் ஸ்வான்' (2010) படத்தைத்தான் சொல்வார்கள். டேரன் அரோனாஃப்ஸ்கி இயக்கியது, நடாலி போர்ட்மேனுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்தது. சைகோவ்ஸ்கியின் 'ஸ்வான் லேக்' பாலேயில் வெள்ளை அன்னத்தையும் கறுப்பு அன்னத்தையும் ஒரே பெண் ஆடுவது வழக்கம். வெள்ளையை அச்சுப் பிசகாமல் ஆடும் நீனாவுக்குக் கறுப்பு வரவில்லை. அதைத் தனக்குள்ளே தேடப் போய் புத்தி கலங்குகிறது.

இந்தக் கதையை நம்ம பக்கம் 17 வருஷம் முன்னாலேயே எடுத்துவிட்டார்கள். மது முட்டம் எழுதி, ஃபாசில் இயக்கிய மலையாள 'மணிச்சித்ரதாழ்' (1993). அடக்கமான கங்காவும் ஷோபனாதான், கோபக்கார நாட்டியக்காரி நாகவல்லியும் ஷோபனாதான். அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. ஆனால் குரல் வேறு வேறு. கங்காவுக்கு பாக்யலட்சுமி பேசினார், நாகவல்லிக்கு துர்கா தமிழில் பேசினார். நாகவல்லி தஞ்சாவூர்க்காரி ஆச்சே!

இதை முதலில் படித்தபோது பெரிதாகத் தோன்றவில்லை. பிறகு மற்ற மொழிகளில் வந்ததை எல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தேன். பி.வாசு கன்னடத்தில் எடுத்த 'ஆப்தமித்ரா' (2004): நாட்டியப் பாட்டு தெலுங்கு. அவரே தமிழில் எடுத்த 'சந்திரமுகி' (2005): 'ரா ரா' பாட்டு தெலுங்கு. பிரியதர்ஷன் இந்தியில் எடுத்த 'பூல் புலையா' (2007): மஞ்சுளிகா வங்காளி. உச்சகட்டம் இதுதான்: 'சந்திரமுகி' தெலுங்கில் டப் ஆனபோது அந்த ஒரு பாட்டை மட்டும் தமிழாக்கி விட்டார்கள். அங்கே சந்திரமுகி தமிழில் பாடுகிறாள்.

நான் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன். எனக்கு இது எப்படித் தெரியுது என்றால், கோடு ஒன்றுதான், லேங்குவேஜ் ஃபைலை மட்டும் ஊருக்கு ஊர் மாற்றியிருக்கிறார்கள். அந்த ஃபைலில் உள்ள விதியும் ஒன்றே ஒன்றுதான்: பேய் எப்பவும் அடுத்த ஊர் மொழியில் பேசணும்.

எங்க ஊர் கனகம்மாசத்திரம். சென்னையிலிருந்து திருப்பதி போகும் ரோட்டில், திருத்தணிக்குக் கொஞ்சம் முன்னால். திருத்தணி தாண்டினால் நகரி, அப்புறம் புத்தூர், அதெல்லாம் ஆந்திரா. 1960 ஏப்ரல் 1 வரைக்கும் திருத்தணியே ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. எல்லைக் கோடு மாறியது, வீட்டுக்குள் பேசும் மொழிகள் மாறவில்லை. 2005-ல் கோட்டுக்கு இந்தப் பக்கம் தெலுங்கு பாடிய அதே பேய், அந்தப் பக்கம் போனதும் தமிழ் பாடியது. இரண்டு மொழியும் தெரிந்த எங்களை எந்த மொழியில் பயமுறுத்துவது?

சிரிப்பாகத்தான் இருக்கு. ஆனால் இதை நினைக்கும்போது எனக்கு எங்க சின்னம்மா ஞாபகம் வரும். புத்தூர்ப் பக்கத்திலிருந்து எங்க வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவங்க. அவங்க தமிழைக் கேட்டு வீட்டில் கேலி செய்வார்கள். அதனாலேயே பேச்சைக் குறைச்சுக்கிட்டாங்க. எனக்கு எட்டு வயசு இருக்கும்போது ஒரு ராத்திரி, தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு விடிய விடியத் தெலுங்கில் கத்தினாங்க. பூசாரி வந்தார். வேப்பிலை, எலுமிச்சம்பழம், உடுக்கை. "நீ யாரு? எந்த ஊரு?" என்று கேட்டார். சின்னம்மா தன் ஊர்ப் பெயரைச் சொன்னாங்க. அதையே பேயோட ஊர் என்று எடுத்துக்கிட்டாங்க! அந்த ராத்திரி முழுக்க அவங்க சொன்னது ஒன்றுதான்: என்னை எங்கம்மா வீட்டில் கொண்டுபோய் விடுங்க. எங்க வீட்டில் எல்லோருக்கும் தெலுங்கு தெரியும். ஆனாலும் அன்றைக்கு யார் காதிலும் அது விழவில்லை.

முதல் 'சந்திரமுகி'யைக் குறை சொல்ல எவ்வளவோ இருக்கு. நகைச்சுவை நீளம், நாயகனுக்கான பில்டப் அதைவிட நீளம். ஆனால் நடுவில் ஒரு உண்மை அசையாமல் நிற்கிறது. அங்கே பேய் கிடையாது. வெளியே போக வேண்டாம் என்று கணவன் தடுக்கும்போதுதான் கங்கா கட்டிலைத் தூக்குகிறாள். தன் மொழியில் தன் பெயரில் கேட்க முடியாததை, இன்னொருத்தியின் மொழியில், இன்னொருத்தியின் சலங்கையில் கேட்கிறாள். மந்திரவாதி வருகிறார், ஆனால் கதையின் முடிச்சை அவிழ்ப்பவர் மனநல மருத்துவர். இவ்வளவு பெரிய வெற்றிப்படம் இதைச் சொன்னது சின்ன விஷயமில்லை.

இரண்டாம் பாகத்தில் சந்திரமுகியாகவே கங்கனா ரனாவத் வருகிறார். இங்கேதான் எனக்கு இடிக்குது. முதல் படத்தில் கங்காவின் உடம்பை விட்டால் சந்திரமுகிக்கு வேறு இடம் கிடையாது. அவளுக்குத் தனி உடம்பு கொடுத்து, இன்றைய வீட்டுக்குள் ஆவியாக உலவ விட்டால், கங்காவின் வலி வெறும் 'பேய் பிடித்தது' ஆகிவிடும். 'பூல் புலையா 2' (2022) அதைத்தான் செய்தது. முதல் படம் இல்லை என்று நிரூபித்த பேயை, அடுத்த படம் உண்டு என்று கொண்டுவந்து நிறுத்தியது. படம் ஓடியது, கதை செத்தது.

பழங்கதையாக மட்டும் அவளைக் காட்டினால் சந்தோஷம். அரசவைக்கு இழுத்து வரப்பட்ட ஒரு நாட்டியக்காரி, தெரியாத மொழி பேசும் அரண்மனையில் எப்படி இருந்திருப்பாள்? பி.வாசுவிடமும் கீரவாணியிடமும் நான் எதிர்பார்ப்பது அதைத்தான்.

எங்க ஊருக்குப் பக்கத்திலேயே திருவாலங்காடு இருக்கு. ஆடல்வல்லானின் ரத்தின சபை. காரைக்கால் அம்மையார் தானே கேட்டுப் பேய் வடிவம் வாங்கி, அந்த ஆட்டத்தைப் பார்த்துப் பாடிய இடம். அந்தப் பேயை யாரும் ஓட்டவில்லை. கோயில்களில் நாயன்மார் எல்லோரும் நிற்க, அவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். ஒரு பேய் சொல்வதை உட்கார வைத்துக் கேட்ட மரபும் நமக்கு இருக்கு என்பதற்காகச் சொல்றேன்.

2005-ல் சின்னம்மாவையும் படத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். "பயந்தீங்களா?" என்றேன்.

"எதுக்குப் பயம்? வெளியே போகணும்னுதானே அந்தப் பொண்ணு கேட்டுச்சு."

இந்தத் தடவையும் அவங்களுக்குச் சேர்த்தே டிக்கெட் போடறேன்.