பிளவுக் கோடரியின் லட்சணம்

மரத்தை வெட்டுவது வேறு, பிளப்பது வேறு என்னும் பேதத்தை மனத்தில் வாங்கிக்கொள்ளாமல் கோடரி வாங்கப் புறப்படுகிறவர், கடைக்காரர் எடுத்து நீட்டுவதையெல்லாம் வாயின் கூர்மையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தே மதிப்பிட்டு, நிற்கும் மரத்தைச் சாய்ப்பதற்கென்று உண்டான மெல்லிய கோடரியோடு வீடு திரும்பி, அது கட்டைக்குள் இரண்டு விரற்கடை இறங்கிச் சிக்கிக்கொண்டு அசைய மறுப்பதைக் கண்டு மரத்தின் மேல் குற்றம் சொல்வார். வெட்டும் கோடரி நாருக்குக் குறுக்கே சென்று அதை அறுக்க வேண்டியது. ஆகையால் அதன் கன்னங்கள் ஒட்டியிருக்க வேண்டும். பிளக்கும் கோடரியோ நாரோடு நாராக இறங்கி, ஒன்றையொன்று பற்றியிருப்பவற்றை இருபுறமும் ஒதுக்கித் தள்ள வேண்டியது. ஆகையால் வாயிலிருந்து காம்பு நுழையும் கண்ணை நோக்கி அதன் கன்னங்கள் விரைந்து பருக்க வேண்டும். விரிசலைத் தொடங்கிவைப்பதோடு வாயின் வேலை முடிந்துவிடுகிறது; மற்றக் காரியமெல்லாம் கன்னத்தினுடையது. குளிர்காலம் முழுதும் விறகெரித்தே வீட்டைக் காக்க வேண்டியிருந்த வடதேசங்களில் இந்த ஒரே தத்துவத்தை வெவ்வேறு விதமாக வளர்த்த சம்பிரதாயங்கள் சில உண்டு. அவற்றை அறிந்த பிறகு கோடரியைக் கையில் எடுப்பது உத்தமம்.

முதலில் ஸ்வீடன். நார்ஷோப்பிங் நகருக்கு அருகே 1697-இல் தோன்றிய ஹுல்ட்ஸ் ப்ருக் உலைக்களமும், ஹெல்சிங்லாந்தில் 1902-இல் தோன்றிய கிரான்ஸ்ஃபோர்ஸ் உலைக்களமும் இந்தச் சம்பிரதாயத்தின் இரு தூண்கள் எனலாம். கிரான்ஸ்ஃபோர்ஸில் ஒவ்வொரு கோடரியின் தலையிலும் அதை அடித்த கொல்லர் தம் பெயரின் முதலெழுத்துக்களைப் பொறித்துவிடுகிறார்; தன் வேலைக்குத் தானே சாட்சி நிற்கும் இந்த வழக்கம், உலோகத்தின் மேல் எத்தனை மெருகு ஏற்றினாலும் கிடைக்காத நம்பிக்கையை வாங்குகிறவருக்குத் தருகிறது. ஸ்வீடிஷ் பிளவுக் கோடரியின் வாய் மெல்லியது. அதற்கு மேலே கன்னம் உட்குழிந்து, பின் சடக்கென்று வெளிப்புறம் புடைக்கும். மெல்லிய வாய் சிரமமின்றி உட்புகும். உட்புகுந்த மாத்திரத்தில் புடைப்பு வந்து மோதிக் கட்டையை இரண்டாக ஒதுக்கும். தலையின் எடை ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்டதாயிருந்தும், தன்னிலும் பருத்த கோடரிகள் திணறும் இடங்களில் இது காரியத்தை முடிப்பதற்கு அந்த வளைவே காரணம். என் அபிப்பிராயத்தில் கன்னத்தின் சாஸ்திரத்தை இவர்களைப் போல் ஆழ்ந்து சிந்தித்தவர் வேறெவரும் இலர்.

பின்லாந்தின் நிலை சற்று விசித்திரமானது. 1641-இல் ஏற்பட்ட பில்நேஸ் இரும்பாலை, எண்ணற்ற வடிவங்களில் கோடரி அடித்துப் புகழ்பெற்ற பின், 1649-இல் ஏற்பட்ட அண்டை ஆலையான ஃபிஸ்கார்ஸுடன் 1920-இல் சேர்ந்துவிட்டது. அந்த ஃபிஸ்கார்ஸே பிற்காலத்தில் மரக்காம்புக்குப் பதிலாக, கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக் காம்பைத் தலையோடு பிரிக்க முடியாதபடி பொருத்தும் முறையைப் பரப்பியது. ஆப்பு தளர்ந்து தலை கழன்று பறக்கும் அபாயம் இதில் இல்லை, விலையும் சகாயம். ஆனால் காம்பு முறிந்தால் மாற்றுவதற்கு வழியில்லை என்பது, ஒரு கோடரித் தலைக்குத் தலைமுறை தோறும் புதுக்காம்பு போட்டுப் பழகிய மரபின் கண்ணுக்குப் பெருங்குறையே. இதே தேசத்து ஹெய்க்கி கார்னா என்பவர் வகுத்த நெம்புகோல் கோடரி மற்றொரு மார்க்கம். அதன் தலையின் பாரம் ஒருபுறமாக ஒதுங்கியிருப்பதால், வாய் மரத்தைத் தொட்டதும் தலை தானே பக்கவாட்டில் திரும்பி, ஓரத்துப் பிளாச்சை நெம்பித் தள்ளுகிறது. அடிக்கிறவர் அந்தக் கணத்தில் பிடியைத் தளர்த்திக்கொடுக்க வேண்டும். இல்லையேல் மணிக்கட்டுத்தான் முறுக்கை வாங்கிக்கொள்ளும்.

ஜெர்மானியர் சம்மட்டியையும் கோடரியையும் ஒன்றாக்கிய பிளவுச் சம்மட்டியில் நம்பிக்கை வைத்தவர்கள். மூன்று கிலோ வரை எடையுள்ள அதன் தலையின் பின்புறமாகிய பின்தலை, இரும்பு ஆப்பை அடித்து இறக்குவதற்கென்றே கடினமாக்கப்பட்டது. சாதாரணக் கோடரியின் பின்தலையால் ஆப்பை அடிப்பதும், சிக்கிய கோடரியின் பின்தலையைச் சம்மட்டியால் அடிப்பதும் மகா பாவங்கள்: கண்ணின் சுவர் விரிந்து காம்பு தளரும், எஃகுச் சிதறல் பறந்து அடிப்பவரின் கண்ணையே கெடுக்கவும் கூடும்.

அமெரிக்கரின் கதை அவர்களுடைய காட்டின் பரப்போடு சேர்ந்தது. கனெக்டிகட்டில் 1826-இல் தொடங்கி 1966 வரை நடந்த காலின்ஸ் தொழிற்சாலை உலகெங்கும் கோடரி அனுப்பியது. அந்நாட்டு விவசாயி பெரும்பாலும் மூன்றரைப் பவுண்டுக் கோடரி ஒன்றையே வைத்துக்கொண்டு, சாய்ப்பது, கிளை கழிப்பது, பிளப்பது எல்லாவற்றையும் நடத்தினார். அந்தக் கோடரியின் கன்னம் நடுவில் மெல்ல மேடிட்டிருப்பதால் சிக்குவது குறைவு. அடி விழும் தருணத்தில் காம்பைச் சற்றே திருப்பிக் கட்டையைத் தெறிக்கச் செய்வது அவர்கள் கைவந்த வித்தை. பின்னாளில் ஆறு பவுண்டு, எட்டுப் பவுண்டுச் சம்மட்டிக் கோடரிகள் பெருகின. எட்டுப் பவுண்டை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். எடை இருமடங்கானால் அடியின் சக்தி இருமடங்கே ஆகும்; வேகம் இருமடங்கானாலோ நான்கு மடங்காகும். அரைமணி நேரத்தில் தோள் சோர்ந்து வேகம் குறைந்த பின், அந்தப் பெரும் பாரத்தால் என்ன பிரயோஜனம்? கணுவும் முறுக்கும் நிறைந்த கட்டைகளுக்கு மாத்திரம் பாரம் உண்மையாகவே உதவும்.

கட்டையைப் பாராமல் கோடரியைத் தேர்வதும் வீண். பர்ச் மரம் நேர்நாருடையது. பனியில் உறைந்திருக்கையில் இன்னும் எளிதாகப் பிளவுபடும். எல்ம் மரத்தின் நார்களோ ஒன்றோடொன்று பின்னியவை. எக்கோடரிக்கும் அடங்காமல் ஆப்பைக் கேட்கும். நம் நாட்டிலும் சவுக்கு பிளப்பவருக்கு இணங்கும், புளி இணங்காது. இறைச்சிக் கடைக்காரர் வெட்டுக்கட்டையாகப் புளியங்கட்டையைத் தேடி வைத்துக்கொள்வது அது பிளவுபடாத குணத்துக்காகவே. எம்மரமாயினும், உலரும்போது மையத்திலிருந்து ஓடிய வெடிப்புக்களைக் கண்டு அந்த வழியிலேயே அடிக்க வேண்டும். பருமனான முண்டை நடுவில் தாக்காமல் ஓரத்திலிருந்து பிளாச்சு பிளாச்சாகக் கழிக்க வேண்டும்.

காம்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டும். ஏனெனில் தலையை ஆராய்கிற கண்கள் காம்பைக் கவனிப்பதில்லை. வட அமெரிக்காவில் வளரும் ஹிக்கரி மரத்துக்கு அதிர்ச்சியைத் தாங்குவதில் நிகரில்லை என்பதால், ஸ்வீடிஷ் கொல்லரும் அதையே வரவழைக்கின்றனர். காம்பின் அடிநுனியில் தெரியும் ஆண்டு வளையங்கள் வாயின் போக்குக்கு இணையாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் முறிவு சமீபம். நார் பக்கவாட்டில் வழிந்து வெளியேறாமல் நுனி முதல் அடி வரை நேராகச் செல்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கனத்த வார்னிஷ் பூசிய காம்பு கையைக் கொப்பளிக்கச் செய்யும். அதைச் சுரண்டிவிட்டு ஆளிவிதை எண்ணெய் தேய்ப்பது நலம். நீளத்தில் சிக்கனம் வேண்டாம்: குட்டைக் காம்புக் கோடரி குறி தவறினால் வளைந்து வந்து முழந்தாளில் இறங்கும், நீண்ட காம்புடையது பெரும்பாலும் முன்னால் தரையிலோ அடிக்கட்டையிலோ விழுந்துவிடும்.

ஆகவே அளவான உடற்கட்டுள்ள ஒருவர் தம் வீட்டு விறகுக்கென்று கேட்டால், புடைத்த கன்னமும் ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை தலையும் முக்கால் மீட்டருக்குக் குறையாத ஹிக்கரிக் காம்பும் கொண்ட கோடரி ஒன்றை முதலில் வாங்கச் சொல்வேன்; முறுக்குக் கட்டைகளுக்காக, மூன்று கிலோப் பிளவுச் சம்மட்டி ஒன்றும் இரும்பு ஆப்பு இரண்டும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.