டிரெய்லரில் லித்தியம்: பேட்டரி பாஸ், பழைய சார்ஜர் ஃபெயில்

காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துச் செல்லும் டிரெய்லர் வீடுகளில் லித்தியம் பேட்டரி போடுவது அமெரிக்காவில் இப்போது பரவலாகிவிட்டது. மினசோட்டாவில் அப்படி ஒரு டிரெய்லரில் 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியைப் பொருத்திப் பார்த்தேன்.

எடை, பழைய லெட் ஆசிட் பேட்டரியில் ஏறக்குறைய பாதிதான். லெட் ஆசிட்டைப் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் குறையும். லித்தியத்தை அநேகமாக முழுசாகவே பயன்படுத்தலாம். ராத்திரி முழுக்க ஹீட்டர் ஃபேன் ஓடியும் காலையில் 13 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை. சிக்கலும் அதில்தான். சார்ஜ் பாதியாகக் குறைந்தாலும் வோல்ட் பெரிதாக அசைவதில்லை என்பதால், வோல்ட் மீட்டரை நம்ப முடியாது. ஷண்ட் (ஏறி இறங்கும் மின்சாரத்தை அளக்கும் பாகம்) வைத்த பேட்டரி மானிட்டர் கட்டாயம் வேண்டும்.

அடுத்து சார்ஜிங். வண்டியோடு வந்த கன்வெர்ட்டர், அதாவது வெளிக் கரன்டிலிருந்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவி, 13.6 வோல்ட்டோடு நின்றுவிடுகிறது. லித்தியத்துக்கு 14.2 முதல் 14.6 வரை தேவை. 13.6-லும் சார்ஜ் ஏறும். ஆனால் கடைசிப் பகுதி இழுத்துக்கொண்டே போகும், செல்களும் சமநிலைக்கு வராது. லித்தியம் மோடு உள்ள கன்வெர்ட்டருக்கு மாறியதும் இரண்டும் சரியாயின. ஓடும்போது காரிலிருந்து சார்ஜ் ஏற்ற, டிசி-டிசி சார்ஜர் வைப்பது நல்லது. ஆல்டர்னேட்டர் சூடேறாமல் தப்பிக்கும்.

பெரிய சோதனை குளிர்தான். சோலார் பேனலில் பனியைத் துடைத்தாயிற்று, பளீரென்று வெயில். பேட்டரியின் மொபைல் ஆப்போ செல் வெப்பநிலை மைனஸ் 6, சார்ஜ் 0 ஆம்பியர் என்கிறது. உள்ளே விளக்கு மட்டும் எரிகிறது. இது கோளாறு இல்லை. 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழையாமல் அதன் மேலேயே உலோகமாகப் படிந்து, செல்லை நிரந்தரமாகக் கெடுத்துவிடும். அதனால் பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்டான பிஎம்எஸ் சார்ஜை நிறுத்திவிடுகிறது. மின்சாரம் எடுப்பதைத் தடுப்பதில்லை. குளிர்காலத்திலும் பயணம் போகிறவர்கள் உள்ளேயே ஹீட்டர் உள்ள மாடலை வாங்கலாம்.

குளிர்காலம் முழுக்க வண்டியை நிறுத்தி வைப்பதானால், பாதி சார்ஜில் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. சில வண்டிகளில் கேஸ் கசிவு அலாரம் சுவிட்சைத் தாண்டி நேரடியாக பேட்டரியிலிருந்தே மின்சாரம் எடுக்கும். மாதக்கணக்கில் சார்ஜரிலேயே போட்டு வைப்பதும் வேண்டாம். எப்போதும் 100 சதவீதத்தில் இருந்தால் ஆயுள் குறையும்.

கரன்ட் வசதியுள்ள கேம்ப்கிரவுண்டில் மட்டுமே தங்குகிறவர்களுக்குப் பழைய பேட்டரியே போதும். காட்டுப் பக்கம் போகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் பேட்டரி விலையோடு கன்வெர்ட்டர், மானிட்டர் விலையையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.