பாவாடை தைத்துப் பார்த்த மிஷின்

தையல் மிஷினைச் சோதிக்கச் சேலைக்குள் கட்டும் பாவாடையைவிடப் பொருத்தமான உடுப்பு இல்லை. நீள நீளமான நேர்த்தையல், சாய்வெட்டு, இடுப்பில் மடிப்பு மேல் மடிப்பு, நாடா இழுபடும் இடத்தில் பலம் என எல்லாமே அதில் உண்டு. அம்மா கறுப்பு மிதி மிஷினில் தைத்த ஆறு பீஸ் பாப்ளின் பாவாடை ஒன்று என்னிடம் இருக்கிறது. துணி நைந்து அந்தப் பக்கம் தெரிகிறது, ஆனால் தையல் ஓரிடத்தில்கூட விடவில்லை. அதையே அளவுப் பாவாடையாக வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்த புது எலக்ட்ரிக் மிஷினில் இன்னொன்று தைத்தேன்.

மிஷினின் விலை ₹10,000-ஐ ஒட்டி. கம்பெனிப் பெயர் இங்கே முக்கியமில்லை. இந்த விலையில் கிடைக்கும் ஜிக்ஜாக் மிஷின்கள் பெரும்பாலும் உள்ளே ஒரே மாதிரிதான்: முன்பக்கக் கதவைத் திறந்து மாட்டும் பாபின் கேஸ், அரைச்சுற்று போய்த் திரும்பும் ஷட்டில், தையல் வகைக்கு ஒரு திருகு, தையல் நீளத்துக்கு இன்னொன்று. கறுப்பு மிஷினிலும் ஷட்டில் இப்படித்தான் ஆடும், பாபின் கேஸை மட்டும் இடப்பக்கம் மாட்ட வேண்டும். பழைய மிஷினில் பழகியவர்களுக்கு அரை மணி நேரத்தில் கை வந்துவிடும்.

38 அங்குல உயரப் பாவாடைக்கு, 36 அங்குல அகலப் பாப்ளின் இரண்டேகால் மீட்டர் வாங்கினேன். புதுப் பருத்தி சுருங்கும் என்பதால் ராத்திரி ஊறவைத்து, காயவைத்து, தேய்த்த பிறகே வெட்டு.

மிஷின் நல்ல பெயர் வாங்கியது சாய்வெட்டில். கீழே உள்ள பல் அடித்துணியைத் தள்ளும். மேல்துணியை ஃபுட் அழுத்திப் பிடித்திருக்கும். சாய்வாக வெட்டிய விளிம்பு இழுத்தால் நீளும். அதை மேலே வைத்துத் தைத்தால் கடைசியில் ஒரு விரல் அளவு மிச்சம் நிற்கும். கீழே வைத்தால் பல் அதை அடக்கிக்கொண்டு போய்விடும். புது மிஷின் இதைச் சுருக்கமில்லாமல் செய்தது. பழைய மிஷினில் தைத்தது போலவே கீழ்விளிம்பு தொங்காமல் நிற்கிறது.

பெடல்தான் பொறுமையைச் சோதிக்கிறது. மெல்ல அழுத்தினால் உறுமுகிறது, இன்னும் கொஞ்சம் அழுத்தினால் ஒரே பாய்ச்சல். மிதி மிஷினில் ஒரே ஒரு குத்து போட்டு நிறுத்தலாம். இங்கே திருப்பங்களில் வலக்கையால் சக்கரத்தைச் சுற்றுவதே வழி.

அடுத்து ஜிக்ஜாக். இந்த மிஷினை வாங்கச் சொல்பவர்கள் முதலில் சொல்வது இதைத்தான்: ஓரம் பிரியாது, ஓவர்லாக் கடைக்குப் போக வேண்டாம். அம்மாவின் பாவாடையில் ஜிக்ஜாக் கிடையாது. ஒரு துணியின் ஓரத்தை மற்றதன் மேல் மடித்து, இரண்டாவது தையல் ஓட்டி, பிசிர் முழுவதும் உள்ளே போகும்படி அடைத்திருந்தார். ஒப்பிட்டுப் பார்க்க மூன்று இணைப்பில் ஜிக்ஜாக்கும் மற்ற மூன்றில் மடிப்புத் தையலும் போட்டேன். ஜிக்ஜாக் சீக்கிரம் முடிந்தது. ஆனால் மெல்லிய பாப்ளினின் ஓரத்தை அது சுருட்டிவிடுகிறது, சில சலவைக்குள் நூல் பிசிறும் எட்டிப் பார்த்தது. மடித்துத் தைத்தவை அப்படியே இருக்கின்றன. நைட்டிக்கும் தலையணை உறைக்கும் ஜிக்ஜாக் போதும். தினமும் கட்டித் துவைக்கிற பாவாடைக்கு நான் இனி மடித்துத்தான் தைப்பேன், நேரம் இரட்டிப்பானாலும் சரி.

ஆனால் மடித்த இணைப்பு இடுப்புப் பட்டிக்குள் போகும் இடத்தில் துணி எட்டு அடுக்காகிவிடுகிறது. 14-ஆம் நம்பர் ஊசியில் மோட்டார் முனகி நின்றது. 16-ஆம் நம்பர் ஊசி மாட்டி, ஃபுட் சாயாதபடி பின்னால் ஒரு துணி மடிப்பை அண்டைகொடுத்து, கையால் சக்கரம் சுற்றிக் கடந்தேன். மிதி மிஷினுக்கு இந்தக் கவலையே கிடையாது. அதன் கனத்த இரும்புச் சக்கரம் ஒருமுறை சுழன்றால் அந்த வேகமே ஊசியை உள்ளே இறக்கிவிடும்.

புது மிஷின் பழையதைத் தெளிவாக வென்ற இடம் நாடா வாய்க்குக் கீழுள்ள திறப்பு. பாவாடை முதலில் கிழிவது அங்கேதான். தையல் நீளத்தைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வைத்து, ஜிக்ஜாக்கைக் குறுகலாக்கிச் சில விநாடி ஓட்டினால் உறுதியான கட்டு விழுகிறது. நேர்த்தையல் மட்டுமே தெரிந்த மிஷினில் இதற்கு முன்னும் பின்னும் பலமுறை ஓட்ட வேண்டும், அல்லது கையால் கோக்க வேண்டும். திருகில் மிச்சமிருக்கும் அலை, சிப்பி வகையறா எனக்குப் பயன்படவில்லை. பாவாடை ஓரத்தில் சிப்பி போட்டால் கொலுசு மட்டும்தான் பார்க்கும்.

ஜாக்கெட் பிரிக்கவும் பிடிக்கவும், ஃபால்ஸ் வைக்கவும், வீட்டுத் துணி தைக்கவும் இந்த மிஷின் தாங்கும். காசுக்குத் தைப்பவர்கள் கறுப்பு மிஷினிலேயே மோட்டார் பூட்டிக்கொள்வது நல்லது. மின்சாரம் போனால் பெல்ட்டை மாற்றி மிதிக்கலாம், பழுதுபார்க்கவும் தெருவுக்கு ஒருவர் கிடைப்பார். எதை வாங்கப் போனாலும் ஒரு முழம் பாப்ளினைக் கூடவே கொண்டுபோய், எட்டாக மடித்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கடையில் வைத்திருக்கும் இரட்டை மடிப்புத் துண்டில் எல்லா மிஷினும் அழகாகத்தான் ஓடும்.