போர் வரலாற்று நூல்களும் அடுக்குமுறையும்

போர் வரலாற்று நூல்களைச் சேர்ப்போர் பலர், அவற்றை நாட்டுவாரியாகவே அடுக்குவர். தேடுதற்கு இஃது எளிது; ஆய்வுக்குப் போதாது. இரண்டாம் உலகப் போர் நூல்களை நோக்குக. ஜேர்மனியரின் சங்கேதச் செய்திகளைப் பிரித்தானியர் அவிழ்த்துப் படித்தமை, 1974இல் விண்டர்பொதமின் நூல் வெளிவந்த பின்னரே பரவலாக அறியப்பட்டது. 1948 முதல் வெளிவந்த தம் ஆறு தொகுதிகளிலும் சேர்ச்சில் அதனை அறிந்தே மறைத்தார். அக்காலத்து ஏனையோருட் பலர் அதனை அறியாமலே எழுதினர். ஆதலின், ஒவ்வொரு போர்முனைக்குமுரிய இருதரப்பு நூல்களையும் ஒருங்குசேர்த்து, முதற்பதிப்பாண்டின் வரிசையில் நிறுத்துதல் வேண்டும். மறுபதிப்பாண்டு நம்மை ஏமாற்றிவிடும். அவ்வாறு நிறுத்தின், நூல்கள் கூறுவன மட்டுமன்றி, கூறாது விட்டனவும் புலனாகும். அடுக்குதலே ஆய்வின் முதற்படி.