எண்ணப்படாத வாழையிலைக் கட்டுகள்

மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி, முதல் உலகப் போர்க் காலத்தில் பசிபிக் கடலின் திரோபிரியாண்டுத் தீவுகளில் தங்கி, அம்மக்களின் மொழியைக் கற்று, அவர்களிடையே வாழ்ந்து எழுதியவர். 1929இல் வெளிவந்த அவரது நூல், வடமேற்கு மெலனேசியக் 'காட்டுமிராண்டிகளின்' பாலியல் வாழ்க்கையைக் கூறுவதாகத் தலைப்பிடப்பட்டது. அச்சொல் இன்று நம்மை உறுத்துகிறது. எனினும் நூல் அதன் தலைப்பைவிட உயர்ந்தது.

அத்தீவினர் தாய்வழிச் சமூகத்தினர். குல உரிமை தாய்மாமனிடமிருந்து மருமகனைச் சேர்கிறது. கருவுறுதலில் தந்தைக்குப் பங்கில்லை, மூதாதையரின் ஆவியே தாயின் உடலில் புகுகிறது என்று அவர்கள் நம்பியதாக ஆசிரியர் எழுதினார். ஆயினும் குழந்தையை ஏந்துபவனும், தூய்மை செய்பவனும், ஊட்டுபவனும் தந்தையே. பிள்ளை தந்தையின் சாயலில் இருப்பதாகவே சொல்ல வேண்டும். தாயின் சாயல் என்பது அங்கே இழுக்கு. குருதியால் உறவு கொள்ளாதவன் பராமரிப்பால் தந்தையாகிறான்! இதனை எடுத்துக்காட்டியதே இந்நூலின் நிலைத்த சிறப்பு எனலாம்.

குறை எங்கே உள்ளது? 1971இல் அதே கிரிவினாத் தீவுக்குச் சென்ற அமெரிக்க ஆய்வாளர் ஆனெட் வைனர், இறந்தோர் சடங்கொன்றில் பெண்கள் உலர்ந்த வாழையிலைக் கட்டுகளை ஆயிரக்கணக்கில் வழங்கக் கண்டார். இறந்தவரைப் பேணியவர்களுக்கு அவருடைய தாய்வழிப் பெண்கள் செலுத்தும் கைம்மாறு அது. அக்கட்டுகள் பெண்களின் செல்வம். மனைவி அவற்றைச் சேர்க்கக் கணவன் தன் பொருளைச் செலவிடுகிறான். ஏனெனில் அவள் உடன்பிறந்தான் ஆண்டுதோறும் அவனுக்கு வள்ளிக்கிழங்கு தருகிறான். வைனரின் நூல் 1976இல் வெளிவந்தது.

ஆண்களின் கிழங்கையும் சிப்பி அணிகளையும் நுணுகி ஆராய்ந்த மாலினோவ்ஸ்கி, இக்கட்டுகளைச் செல்வமாக ஆராயவில்லை. பெண்ணைத் தாயாகவும் காதலியாகவும் மனைவியாகவும் விரிவாகக் கண்ட அவர், செல்வத்தை ஈட்டிக் கொடுப்பவளாக அவளைக் காணத் தவறினார். காய்ந்த இலை அவர் அறிந்த செல்வத்தின் வடிவில் இல்லை என்பதே காரணம் என நாம் கருதுகிறோம்.

இதனால் விளைந்த இழப்பு சிறியதன்று. உறவு என்பது பிறப்பையும் இணைவிழைச்சையும் பற்றியது மட்டுமே என்ற எண்ணத்தை முதல் நூல் தந்துவிடக்கூடும். உறவின் கணக்கு இறப்பின்போதே தீர்க்கப்படுகிறது என்பதையும், அக்கணக்கை முடிப்பவர்கள் பெண்கள் என்பதையும் இரண்டாம் நூலே நமக்கு உணர்த்துகிறது.

ஆதலால் முன்னதை ஒதுக்கிவிடுவதா? வேண்டாம். இரண்டையும் சேர்த்தே கற்போம். குடும்பத்தைப் பற்றி எழுதப்பெற்ற எந்நூலைக் கையிலெடுத்தாலும், இதில் யாருடைய உழைப்பு எண்ணப்படாமல் விடப்பட்டது என்று கேட்கும் பழக்கத்தையும் கைக்கொள்வோம்.